வறுத்த விதை

மண் சரியில்லை என்று எழுதினேன்,
கம்பெனியின் பச்சை அட்டைப் பேரேட்டில்,
எர்மெலிந்தா என்ற பெயருக்கு நேரே.
விதைத்தது இருபது கிலோ.
முளைத்தது இல்லை.

எனக்குத் தெரியும்.
முந்தைய இரவு அவள் குடிசையிலிருந்து வந்தது
கடலை வறுக்கும் வாசனை இல்லை.
பருத்தி விதைக்குள் எண்ணெய் இருக்கிறது,
சட்டி சூடேறினால் ஊருக்கே சொல்லிவிடும்.
பக்கத்துக் குடிசையிலும் அதே வாசனை.
அதற்கடுத்ததிலும்.
காலையில் எல்லோரும் வரிசையாய்க் குனிந்து
செத்த விதைகளை
மரியாதையோடு புதைத்தார்கள்.
கங்காணி மர நிழலில் நின்று
தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

பருத்தி புடவையாகவே காய்த்தாலும்
எங்கள் இடுப்புக்கு ஒரு முழம் வராத நாடு.
சோளம் நிற்க வேண்டிய இடத்தில் பருத்தி.
மரவள்ளி நிற்க வேண்டிய இடத்திலும் பருத்தி.
லிஸ்பனில் யாரோ அதைச் சட்டையாய் உடுத்தினார்கள்.

நானும் சுத்தமானவன் இல்லை.
ஆறு வருடம் அந்தத் தராசில்
என் கட்டைவிரல் இருந்தது.
மூட்டைக்கு மூன்று கிலோ.
மாதச் சம்பளமும் ஒரு ஜோடிச் செருப்பும்.
லாஸரோவின் மூட்டை குறைந்தது என்று
துளைபோட்ட மரக்கட்டையால் உள்ளங்கையில் அடித்தார்கள்,
துளைக்குள் சதை உறிஞ்சி எழும்பும்படி.
ஒரு வாரம் அவனுக்கு மனைவி ஊட்டிவிட்டாள்.
குறைந்த மூன்று கிலோ எங்கே போனதென்று
அவன் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பிறகுதான் மண் சரியில்லை என்று எழுதினேன்.

குளிர் மாதத்தில் ஒரு நாள்
பேசலாம் வாருங்கள் என்றார் ஆட்சியர்.
ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு போனார்கள்.
நடுவில் நான், இரண்டு மொழிக்கும் கூலியாள்.
விலையைக் கேட்டார்கள், சொன்னேன்.
வரியைக் கேட்டார்கள், சொன்னேன்.
அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவன்
ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சொல்லைச் சொன்னான்:
உஹூரு.
கூட்டம் அதை வாங்கிக்கொண்டது.
மெதுவாக, முதலில் வாய்க்குள்,
புதுச் சோற்றை ருசிபார்ப்பது போல.

என்ன சொல்கிறார்கள், என்றார் ஆட்சியர்.
விலையைக் கூட்டச் சொல்கிறார்கள், என்றேன்.

அவர் நம்பவில்லை.
அல்லது சிப்பாய்கள் முன்பே வந்திருந்தார்கள்.

சாயங்காலம் பேரேடு திறந்தது.
பதினான்கு என்று எழுது, என்றார்.
நான் அறுபதுவரை எண்ணியிருந்தேன்,
வெளிச்சம் போனதால் நிறுத்தியிருந்தேன்.
லாஸரோவை அவன் கைகளை வைத்து அடையாளம் கண்டேன்.
பேனாவை மூடி வைத்தேன்.
செருப்பை வாசலில் விட்டேன்.
ரொவூமா ஆற்றை இரவில் கடந்தபோது
கழுத்தளவு நீர், தலைமேல் பேரேடு.
அதை ஏன் தூக்கி வந்தேன் என்று
இன்றும் தெரியாது.

நாலு மழைக்காலம் போனது.
மரத்துப்பாக்கியோடு ஓடிப் பழகிய பையன்களின் கையில்
உண்மைத் துப்பாக்கி வந்தது.
காட்டுக்குள் முகாம், முகாமுக்குள் நான்,
அதே சாய்ந்த கையெழுத்து:
உப்பு, மருந்து, தோட்டா.
அங்கே அந்த வருடம்
பறிக்க ஆளில்லாமல் தோட்டங்களில் காய்கள் வெடித்தனவாம்.
இங்கே வேறு வெடி.
ராத்திரியில் எது தூரம் எது பக்கம் என்று
காதுக்குப் பழகிவிட்டிருந்தது.

ஒரு விடியலில் எர்மெலிந்தா வந்தாள்.
தலைக்கூடையில் மேலே மரவள்ளிக் கிழங்கு.
பதினொரு நாள் நடந்த கால்.
கிழங்கை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள்,
அடியில் தோட்டா, துணியில் பொதிந்து.
என்னைப் பார்த்தாள்.
பேரேட்டின் பச்சை அட்டையைப் பார்த்தாள்.

அன்றைக்கு என் பெயருக்கு நேரே என்ன எழுதினாய்?

சொன்னேன்.

சிரிக்கவில்லை அவள்.
கூடையை என் பக்கம் தள்ளினாள்.

சரி, எண்ணு.
முதலில் அந்தக் கட்டைவிரலை எடு.